வாசலில் மைக் பிடித்தவன்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவது கொஞ்ச காலம் எனக்குத் தொழிலாக இருந்தது. ‘பப்ளிக் ரிவ்யூ’ என்பார்கள். முதல் நாள் முதல் காட்சி முடிகிற நேரத்தில் சென்னையில் எந்தத் தியேட்டர் வாசலுக்குப் போனாலும் இப்படி ஒருவனைப் பார்க்கலாம். கையில் சேனல் பெயர் ஒட்டிய மைக், பக்கத்தில் கேமராவோடு ஒரு பையன், இரண்டு பேர் கண்ணிலும் தூக்கம். அந்த வேலையில் நடந்ததையெல்லாம் நண்பர்களிடம் சிரிப்புக் கதைகளாகச் சொல்லியிருக்கிறேன். சிரிக்க முடியாததை ஒதுக்கிவிட்டுத்தான் சொல்வேன். 2018-இல் வந்த இரண்டு படங்களுக்கு மக்கள் சொன்னது ஒன்று, சொன்னதாக நான் காட்டியது வேறொன்று. ஒன்று சூப்பர் ஹீரோ படம், மற்றது உளவாளிப் படம். ஒதுக்கிவைத்தது அந்தக் கதையைத்தான்.

முதலில் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைக் பிடிப்பவன் படத்தைப் பார்த்திருக்க மாட்டான். உள்ளே படம் ஓடுகிற நேரம் முழுக்க அவன் வெளியே நிற்க வேண்டும். இல்லையென்றால் வாசலுக்கு நேரான இடத்தை வேறு சேனல்காரன் பிடித்துக்கொள்வான். இன்டர்வெல்லில் சிகரெட் பிடிக்க வருகிறவர்கள், கேன்டீன் பையன், பார்க்கிங்கில் டோக்கன் கிழிக்கிற அண்ணன், இவர்களிடம் “எப்படிப் போகுது?” என்று நாடி பிடித்துப் பார்ப்போம். பார்க்கிங் அண்ணன் கணிப்பு அநேகமாகத் தப்பாது. பாதிப் படத்தில் வண்டியை எடுக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்!

கதவு திறந்த பிறகு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அதற்குள் கூட்டம் பைக் ஸ்டாண்டுக்குள் கரைந்துவிடும். முதலில் ஓடி வருகிறவர்கள் மைக்கைத் தேடி வருகிறவர்கள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தெரியும். படத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கிறவர்கள் கடைசியாக வருவார்கள், அல்லது பாத்ரூம் போன மனைவிக்காகச் சுவரோரம் காத்திருப்பார்கள். அவர்களிடம் மைக்கை நீட்டினால் யோசித்துப் பேசுவார்கள். யோசித்துப் பேசுவது நீளும். நீண்டதைச் சுருக்கி எடிட் செய்ய நேரம் கிடையாது, வீடியோ மதியத்துக்குள் ஏற வேண்டும். ஆகவே சுவரோரம் போகாதே என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட முதல் விதி.

இரண்டாவது விதி கேள்வியில் இருந்தது. “படம் எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்கு” என்பார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “இன்டர்வெல் சீன்ல தியேட்டரே அதிர்ந்துச்சாமே?” என்று கேட்க வேண்டும். “ஆமா ப்ரோ, வேற லெவல்” என்று பதில் வரும். “செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்னு சொல்றாங்களே?” என்றால் “லைட்டா லேக்தான் ப்ரோ” என்பார்கள். சொல்றாங்களே என்றேனே, யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அந்த வாசலில் ஒரு படத்துக்கு லேக் என்ற பேச்சு பிறப்பதற்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று பேரிடம் கேட்டால் மூன்றாமவர் நாம் கேட்காமலே சொல்வார், ஏனென்றால் முன்னால் இருவர் பேசியதை நின்று கேட்டிருப்பார்.

சூப்பர் ஹீரோ படம் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’. 2018 ஏப்ரல் 27, வெள்ளிக்கிழமை. அந்த நாளின் கூட்டத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய மாதங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர்கள் மார்ச் 1-இலிருந்து புதுத் தமிழ்ப் படங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில்தான் அது முடிவுக்கு வந்தது. ஒன்றரை மாதத்துக்கு மேல் புதுப் படமே இல்லாத ஊர், போதாக்குறைக்குப் பள்ளி விடுமுறை. மார்வெல் என்றால் என்ன என்று தெரியாத அப்பாக்கள்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தமிழ் டப்பிங்குக்கு வந்திருந்தார்கள். உள்ளே விசில் சத்தம் வாசல்வரை கேட்டது. தோர் கோடாரியோடு இறங்குகிற இடம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

காட்சி முடிந்து நேரமாகியும் கதவு திறக்கவில்லை. எழுத்து ஓடி முடிந்த பிறகு ஒரு துண்டுக் காட்சி வரும் என்பதற்காகப் பையன்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, கூட்டுகிற அக்கா உள்ளே போய்ச் சத்தம் போட்டதாகக் கேள்வி. பிறகு வந்தார்கள். நான் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் முகத்திலும் ஒன்றும் இல்லை. கோபம், ஏமாற்றம், சந்தோஷம் எதுவும் இல்லை. பரீட்சை ஹாலிலிருந்து வருகிறவர்களைப்போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள். “அவ்ளோதானா? முடிஞ்சுதா?” என்று ஒருவன் கேட்க, பக்கத்தில் வந்தவன் பதில் சொல்லவில்லை.

படம் ஊத்திக்கொண்டது என்றே நினைத்தேன். அலுவலகத்துக்குப் போன் போட்டு, “அண்ணே, தேறாது போல, எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு வர்றாங்க” என்றேன். “லூசாடா நீ? எல்லா ஊர்லயும் தீயா இருக்கு. வில்லன் ஜெயிச்சிட்டான், அதான் ஷாக்ல இருக்காங்க. பேச வை” என்றார்.

இப்போது யோசித்தால் அந்த மௌனம்தான் அன்றைய செய்தி. விரலைச் சொடுக்கிப் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை வில்லன் தானோஸ் அழித்துவிடுகிறான். பத்து வருடமாக ஒவ்வொரு படத்திலும் கடைசி ரீலில் ஜெயித்துப் பழகிய நாயகர்கள் சாம்பலாகி உதிர்கிறார்கள். ஜெயிப்பது உறுதி என்று நம்பித்தான் அந்தக் கூட்டம் டிக்கெட் வாங்கியது. விசிலடிக்க வந்தவர்களை ஒரு கேளிக்கைப் படம் வாயடைத்து வெளியே அனுப்புகிறது என்றால், அந்த வாசலில் கேமராவை வெறுமனே ஓடவிட்டிருந்தாலே போதும். ஒரு கேள்வியும் வேண்டாம். முகங்கள், நடை, பைக்கை ஸ்டார்ட் செய்யாமல் அதன்மேல் உட்கார்ந்திருந்த பையன்கள். எனக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன். மௌனத்துக்கு என்ன தலைப்பு வைப்பது?

“ப்ரோ, ஒரு ‘மரண மாஸ்’ சொல்லுங்க ப்ரோ” என்று ஆரம்பித்தேன். கல்லூரிப் பையன்கள் நான்கைந்து பேரைத் தோளோடு தோள் சேர்த்து நிற்க வைத்தேன். முதல் டேக்கில் சத்தம் போதவில்லை. “பக்கத்துத் தியேட்டர்ல இதைவிடச் சத்தம் ப்ரோ” என்று உசுப்பினேன். இரண்டாவது டேக்கில் கத்தினார்கள். கத்தக் கத்த அவர்களுக்கே உற்சாகம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாசல் திருவிழாவானது. அதில் ஒருவன் மட்டும் மைக்கைக் கையால் தள்ளி, “என்னன்னே தெரியல ப்ரோ, பேச வரல” என்றான். அன்றைக்குக் கிடைத்த ஒரே உண்மையான விமர்சனம் அது. வெட்டிவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். ஸ்பைடர்மேன் பனியன் போட்ட ஒரு சிறுவன், ஏழு எட்டு வயது இருக்கும், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். அழுது ஓய்ந்த முகம். விக்கல் மட்டும் மிச்சம். அப்பா பாப்கார்ன் பொட்டலத்தைக் காட்டி எதையோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தார். நான் கேமராப் பையனுக்குக் கண் காட்டிவிட்டு அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். “விடுங்க தம்பி, இப்பதான் நிறுத்தியிருக்கான்” என்றார் அப்பா. நான் விடவில்லை. குரலை இளக்கிக்கொண்டு, “குட்டி, ஸ்பைடர்மேனுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். உதடு பிதுங்கியது. “இனிமே வரவே மாட்டானா?” என்று இன்னொரு கேள்வியும் கேட்டேன். அது படத்தைப் பற்றிய கேள்வி இல்லை, அழுகைக்காகக் கேட்டது. கேட்டது கிடைத்தது. அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார். கேமரா முன்னால் நிற்கும்போது நம் ஆட்கள் கோபப்பட வேண்டிய இடத்திலும் சிரித்துவிடுவார்கள். என் பிழைப்பில் பாதி அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஓடியது.

அந்தக் குழந்தையின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மஞ்சள் எழுத்தில் தலைப்பு வைத்து, தம்ப்நெயில் ஆக்கினோம். அதுவரை நான் எடுத்ததில் அதிகம் ஓடிய வீடியோ அதுதான். அன்று ராத்திரி அலுவலகத்தில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். வயிறாரச் சாப்பிட்டேன், உறுத்தவே இல்லை. உறுத்தியதாக எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் இல்லை.

மறு வருடம் வந்த ‘எண்ட்கேம்’ வேறு மாதிரி. தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா, வசனம் ஏ.ஆர். முருகதாஸ். பழகிய குரலை மாற்றிவிட்டார்கள் என்று வந்தவர்கள் தாங்களாகவே மைக்கைப் பிடுங்கிப் பொங்கினார்கள். அன்று ஒரு கேள்வியும் திரிக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையே போதுமான சத்தத்தோடு வந்தால் உண்மையைப் போடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இருந்ததில்லை.

படம் பார்த்த கையோடு ஆட்களைப் பிடித்துக் கேட்பது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்றொரு நிறுவனம் 1970-களின் கடைசியிலிருந்து இதைத்தான் செய்கிறது. எட் மின்ட்ஸ் என்பவர் ஆரம்பித்தது. ‘தி சீப் டிடெக்டிவ்’ என்ற படத்துக்கு ஆசையாகப் போய் ஏமாந்து வந்தவர், விமர்சகர்கள் இருக்கட்டும், காசு கொடுத்துப் பார்த்தவன் என்ன நினைக்கிறான் என்று கேட்க ஆளில்லையே என்று யோசித்ததில் பிறந்தது. வெளியீட்டு நாளில் வாசலில் ஓர் அட்டையைக் கொடுப்பார்கள். வயது, ஆணா பெண்ணா, படத்துக்கு என்ன கிரேடு, இப்படிச் சில கேள்விகள். அட்டையின் ஓரத்தை மடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். முகத்துக்கு நேரே யாரும் நிற்பதில்லை, யாரும் கத்தச் சொல்வதில்லை. நம் ஊரில் ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’வுக்கு 62.5 மார்க் போட்டதை நாற்பது வருடம் கழித்தும் பேசுகிறோம். அதுவும் கத்தாமல் போட்ட மார்க்தான்.

அந்த அட்டைகளில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 2012-இல் முதல் ‘அவெஞ்சர்ஸ்’ படத்துக்கு அந்தக் கூட்டம் ஏ பிளஸ் கொடுத்தது. அதே வருடம் ஸ்டீவன் சோடர்பெர்க் எடுத்த ‘ஹேவயர்’ என்ற உளவாளிப் படத்தை விமர்சகர்கள் பாராட்டினார்கள். வாசலில் கிடைத்தது டி பிளஸ். சோடர்பெர்க்குக்குப் படம் எடுக்கத் தெரியாதா என்ன? உளவாளிப் படம் வாசலில் அடிவாங்கப் பிறந்த வகை என்று நினைக்கிறேன். யார் யார் பக்கம், எவன் எப்போது பொய் சொன்னான் என்பதெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் கோத்து வரும். சூப்பர் ஹீரோ படம் கைதட்ட வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். உளவாளிப் படம் பார்ப்பவனிடம் பாதி வேலையை விட்டுவைக்கும். அந்த வேலையை அவன் முடிப்பதற்குள் மைக்கை நீட்டினால் கொட்டாவிதான் வரும், அல்லது குழப்பம் வரும். என் கையில் வந்த உளவாளிப் படத்துக்கு இரண்டும் தேவைப்பட்டது. இரண்டையும் தயார் செய்தேன்.

‘விஸ்வரூபம் 2’. 2018 ஆகஸ்ட் 10. மூன்று நாள் முன்னால்தான் கலைஞர் இறந்திருந்தார், மெரினாவில் அடக்கம் நடந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஊர் முழுக்கச் சரியாகத் திறக்கவில்லை. படத்தின் நாயகன் கமல் அந்த பிப்ரவரியில்தான் மதுரையில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கியிருந்தார். எனவே வாசலில் மூன்று விதமான ஆட்கள். ரசிகர்கள், கட்சிக்காரர்கள், இவர் அரசியலில் என்ன கிழித்துவிடுவார் என்று பார்க்க வந்தவர்கள்.

முதல் பாகத்துக்கு நான் காலேஜ் பையன். 2013 ஜனவரியில் தமிழ்நாட்டில் தடை போட்டார்கள், பிப்ரவரி 7-இல் சில வெட்டுகளோடு வந்தது. முதல் நாளே போனேன். கதக் ஆடிக்கொண்டிருந்த மனிதர் கட்டை அவிழ்த்துக்கொண்டு எழுகிற அந்தச் சண்டையில் தியேட்டர் எழுப்பிய சத்தத்தில் என் சத்தமும் இருந்தது. அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு ஐந்து வருடம் காக்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஒரு கடுப்பு. அதைவிடப் பெரிய காரணம் கணக்கு. கமல் படம் மொக்கை என்று தலைப்பு வைத்தால் பிடிக்காதவர்களும் திறந்து பார்ப்பார்கள், ரசிகர்களும் திட்டுவதற்காகத் திறப்பார்கள். நல்ல படம் என்று வைத்தால் ரசிகர்கள் மட்டும். வியாழக்கிழமை ராத்திரியே தம்ப்நெயில் தயார். முகங்களுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

கொட்டாவி முதலில் கிடைத்தது. காட்சிக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒருவர், நடுத்தர வயது, வாயைப் பிளந்து ஒரு முழுக் கொட்டாவி விட்டார். கேமராப் பையன் சும்மா எடுத்து வைத்தான். அவரே எங்களைப் பார்த்துச் சிரித்து, “நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றேன் தம்பி. ஆண்டவருக்காக” என்றார். படம் முடிந்து வந்ததும் தேடிவந்து பேசினார். சண்டைக் காட்சிகளைப் பற்றி, ஜிப்ரான் இசையைப் பற்றி, இந்த வயதில் இந்த மனிதர் உழைக்கிற உழைப்பைப் பற்றி. வெளியான வீடியோவில் அவர் குரல் ஒரு வார்த்தை இல்லை. கொட்டாவி இருந்தது. “எப்படி இருந்துச்சு படம்?” என்ற என் கேள்விக்கு அடுத்த ஷாட்டாக இருந்தது.

விஸ்காம் படித்தபோது குலெஷோவ் பற்றி ஒரு பாடம் உண்டு. சலனமில்லாத ஒரு நடிகர் முகத்தை ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, ஒரு பெண் என்று மூன்றோடு மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார் அந்த ரஷ்ய இயக்குநர். பார்த்தவர்கள் அந்த ஒரே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பது கதை. பரீட்சையில் படம் வரைந்து எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். தன் அபிமான நடிகருக்காகத் தூக்கம் கெட்டு வந்த ஒரு மனிதரின் முகத்தை வைத்து அதைச் செய்து பார்ப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

அந்த அம்மாவைச் சுவரோரம்தான் பார்த்தேன். என் விதியை மீறி அங்கே போனதற்குக் காரணம், கூட்டம் கரைந்துவிட்டது, பெண்கள் பேசிய பைட் ஒன்றுகூட இல்லை. ‘ஃபேமிலி ஆடியன்ஸ் கருத்து’ என்று ஒன்று போட்டாக வேண்டும். ஐம்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தார். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், மைக்கைப் பார்த்ததும் முதலில் வேண்டாம் என்றார். “ரெண்டே வார்த்தை மேடம்” என்றேன்.

“முதல் பாதி எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. முதல் பார்ட்டு பாத்து அஞ்சு வருஷமாச்சு, முன்னாடி நடந்ததும் பின்னாடி நடந்ததும் மாத்தி மாத்தி வருது. ஆனா அந்த அம்மா வர்றாங்க பாருங்க…” என்று ஆரம்பித்தார். படத்தில் உளவாளியின் அம்மாவாக வஹீதா ரஹ்மான் வருகிறார். அல்சைமர் நோய். எதிரே நிற்கிற மகனை அவருக்கு யாரென்று தெரியாது. “எங்க மாமியார் கடைசியில அப்படித்தான் இருந்தாங்க. எங்க வீட்டுக்காரரைப் பாத்து, நீங்க யாருங்க, எந்த ஊரு, சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. பெத்த புள்ளைய மறந்துட்டாங்க தம்பி, வந்தவங்களைச் சாப்பிட்டீங்களான்னு கேக்கறத மறக்கல. இவரு பதில் சொல்லிட்டுக் கொல்லப்பக்கம் போயிடுவாரு. இன்னிக்கி உள்ள உக்காந்து அழுதாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. ஊருக்கெல்லாம் வேஷம் போட்டு ஏமாத்தறவன், பெத்த அம்மாகிட்ட நான்தான்னு சொல்லி நம்ப வைக்க முடியல பாருங்க. சண்டைப் படத்துல இப்படி ஒண்ணு வரும்னு நான் நினைக்கல.” ஆட்டோ வந்துவிட்டது. போகும்போது, “இதெல்லாம் போடுவீங்களா?” என்று கேட்டார். “கண்டிப்பா மேடம்” என்றேன்.

அந்தப் படத்தைப் பற்றி நான் பிறகு படித்த எந்த விமர்சனத்திலும் அவர் கடைசியாகச் சொன்ன அளவுக்கு ஒரு வாக்கியம் இல்லை. ஆள் மாறாட்டத்தையே தொழிலாகக் கொண்டவனை அடையாளம் தெரியாத தாய். படத்தின் முடிச்சை அவர் வாசலில் நின்றபடி அவிழ்த்துக் காட்டினார். டைம்லைனில் அந்த பைட்டை இழுத்துவைத்து, “ஒண்ணும் புரியல தம்பி” முடிகிற இடத்தில் வெட்டினேன். மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது, அதையும் ஒரு ஃபிரேம் தள்ளி வெட்டினேன். முன்னால் ‘முதல் பாதி எனக்கு’ என்று இருந்ததையும் எடுத்துவிட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அலுவலகத்து அண்ணன் அந்த வீடியோவை ஏற்றிய பிறகுதான் பார்த்தார். அவர் மேல் பழி போட இங்கே ஒரு வழியும் இல்லை.

“ஒண்ணும் புரியல தம்பி” பிடித்துக்கொண்டது. அந்த முகமும் அந்த வரியும் மீம் ஆகி, படத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களுக்கெல்லாம் போயின. பட்ஜெட் உரைக்கு, கணக்குப் பாடத்துக்கு, மாமியார் ஜோக்குக்கு. மாமியார் ஜோக்குக்குக்கூட.

ஒரு வாரம் கழித்து அவருடைய மகன் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். கத்துவார் என்று தயாராக இருந்தேன். அவர் கத்தவில்லை. “அம்மா நிறையப் பேசினாங்களாம். அதைப் போடலன்னாலும் பரவால்ல சார், அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துடுங்க. பாட்டியைப் பத்திப் பேசினதால இப்படி ஆயிடுச்சுன்னு அப்பாகிட்ட வருத்தப்படறாங்க” என்றார். நான் சொன்ன பதில்: “சார், நாங்க எதையும் சேர்க்கல. உங்க அம்மா சொன்னதுதானே?”

சட்டப்படி சரியான பதில். பொய்யான ஒரு எழுத்துகூட அந்த வீடியோவில் இல்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டார். முழு பைட்டையும் தனியாகப் போடலாமே என்று எனக்குத் தோன்றியது உண்மை. அடுத்த படத்துக்கு ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று அந்த வார இறுதியில் எல்லாவற்றையும் அழித்தோம். அழிப்பதற்கு முன்னால் அந்த ஒரு ஃபைலை எடுத்து வைத்திருக்கலாம். தெரிந்தேதான் எடுத்து வைக்கவில்லை. இருந்தால் போட வேண்டியிருக்கும், போட்டால் முதலில் வெட்டியது தெரிந்துவிடும்.

படத்தை அதற்கடுத்த வாரம்தான் பார்த்தேன். கால்வாசி நிறைந்த சாயங்காலக் காட்சி. பெரிய படம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாகத்தில் எடுத்து மிஞ்சியதையும் புதிதாக எடுத்ததையும் ஒட்டிய தையல் பல இடங்களில் தெரிகிறது. வில்லன் உமர் முதல் பாகத்தில் நின்ற உயரத்தில் இதில் நிற்கவில்லை. ஆனால் வஹீதா ரஹ்மான் மகனைப் பார்க்கிற பார்வை வந்தபோது எனக்குத் திரையில் அவர் தெரியவில்லை, ஆட்டோவுக்குக் காத்திருந்த அந்த அம்மாதான் தெரிந்தார். தொண்டையை அடைத்தது. வெளியே வந்தால் டீக்கடையில் நண்பர்கள். “எப்படிடா இருக்கு?” என்றார்கள். “ஒண்ணும் புரியல தம்பி” என்றேன், அதே இழுவையோடு. எல்லோரும் சிரித்தார்கள்.

குழந்தையை அழவைத்ததையும் அந்தப் பேச்சை வெட்டியதையும்கூட வயசு, வேலை, அவசரம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். டீக்கடையில் எனக்கு என்ன நெருக்கடி? மைக் இல்லை, கேமரா இல்லை, சம்பளம் இல்லை. படம் என்னை உலுக்கியிருக்கிறது என்று மூன்று நண்பர்களிடம் சொல்வதற்கு நா எழவில்லை. மற்றவர்கள் வாயில் சொல்லை வைத்து வைத்து என் வாய்க்குச் சொந்தச் சொல் இல்லாமல் போயிருந்தது. இன்றும் ஒரு படம் முடிந்து விளக்கு எரிந்ததும் நான் முதலில் பார்ப்பது பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தை.

வேலையை விட்டது மனசாட்சியால் இல்லை. சம்பளம் இழுத்துக்கொண்டே போனது, விளம்பரக் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது, போய்விட்டேன். வீடியோ இன்னும் இருக்கிறது. அந்த அம்மாவைத் தேடிப் போகவில்லை. மகன் பேசிய நம்பரும் என்னிடம் இல்லை.

2024 நவம்பரில், ‘கங்குவா’ வந்த பிறகு, தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ படங்களை இந்த வாசல் பேட்டிகள் பாதித்துவிட்டன, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. டிசம்பரில், படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று கேட்ட மனுவில் அப்படிப் பொதுத் தடை விதிக்க சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. விமர்சனம் கருத்துச் சுதந்திரம் என்றது. எனக்குத் தயாரிப்பாளர்கள் மேல் பெரிய பரிவு கிடையாது. வாசலில் பொய்யாகக் கத்த வைத்த பாராட்டை வெட்டி ஒட்டி மறுநாள் புரமோவில் போட்டுக்கொள்ளும்போது அவர்களில் யாரும் அது திரித்தது என்று அறிக்கை விட்டதில்லை. இன்ஃபினிட்டி வாருக்கு நான் செய்ததும் விஸ்வரூபத்துக்கு நான் செய்ததும் ஒரே வேலை. ஒன்று படத்துக்குச் சாதகம், ஒன்று பாதகம், அவ்வளவுதான். வளாகத்துக்கு வெளியே தள்ளினால் என்னைப்போன்றவன் ரோட்டில் நின்று அதையே செய்வான்.

அந்தச் சமயத்தில் ஒரு கல்லூரி மாணவர்கள் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். முன்னாள் மைக்காரன் என்ற முறையில். மேடையில் நன்றாகவே பேசினேன். காசு கொடுத்துப் படம் பார்க்கிற சாதாரண மனிதனின் குரலை வெட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை, தயாரிப்பாளருக்கும் இல்லை, நடிகருக்கும் இல்லை என்று குரலை உயர்த்தியபோது பையன்கள் பெஞ்சைத் தட்டினார்கள். அழுத சிறுவனைச் சொல்லவில்லை. கொட்டாவி விட்டவரைச் சிரிப்புக்காகச் சொன்னேன், அவர் ரசிகர் என்பதை விட்டுவிட்டு. அந்த அம்மாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவி வந்து, சார், நீங்கள் பேசியது ரொம்ப முக்கியம், எங்கள் சேனலில் ஒரு வரிகூட வெட்டாமல் போடுகிறோம் என்றாள். சொன்னபடியே முழுதாகப் போட்டார்கள்.